ஷொக் மாற்றியும் போகாத கிறீச் சத்தம்

கிடங்கில் கத்துகிற எங்கள் பழைய கெப்புக்கு (பிக்கப்) மாற்றிய பின் ஷொக் (அதிர்வு தாங்கி) இரண்டும் கூலியும் சேர்த்து 40,000 ரூபாவைத் தாண்டியது. சத்தம் ஒரு சொட்டும் குறையவில்லை. கடைசியில் அதை அடக்கியவை எட்டு றப்பர் புஷ் (ஆணியைச் சுற்றி வருகிற உறை), இரண்டு ஷக்கிள் செட் (பின் வில் தகடுகளைச் செசியோடு இணைக்கிற இரும்புத் துண்டுகள்), ஒரு சின்ன ரியூப் சிலிக்கன் கிறீஸ். எல்லாம் சேர்த்து 10,000 ரூபாவைச் சுற்றித்தான். காலபோக அறுவடை நேரத்தில் கெப் கராச்சில் நின்றதால் நெல் ஏற்ற வாடகைக்கு லாண்ட்மாஸ்டர் பிடித்த காசு தனிக் கணக்கு. காசு போனதைவிட, வீட்டிலிருந்து சந்திக்குப் போய் வருவதற்குள் தெருவில் நிற்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பதுதான் எரிச்சலாக இருக்கும். இந்தச் சத்தத்தை எப்படிப் பிரித்துப் பார்ப்பது என்று முன்னமே ஒருவர் சொல்லியிருந்தால் அரை நாளில் முடிந்திருக்கும். அதற்குத்தான் இது.

வன்னியில் ஓடுகிற கெப்களில் பாதிக்கு மேல் வயசான வண்டிகள் போலத்தான் தெரிகிறது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, 2025 இல்தான் மறுபடி திறந்தது. இடையில் 2022 இல் ரூபா விழுந்ததும் உதிரிப்பாக விலை எங்கேயோ போய்விட்டது. ஆகவே பழைய ஹைலக்ஸையும் எல்200 ஐயும் வைத்துத்தான் ஓட்டம். ஏ9, ஏ35 இரண்டும் தார் றோட்டு என்றாலும், அதிலிருந்து இறங்கி வயலுக்கோ குளக்கட்டுக்கோ போனால் கிரவலும் கிடங்கும் புழுதியும்தான். பின் அக்சில் பிளேட்டில் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய வில் தகடுகளில்) நிற்கிற எந்த வண்டியும் இந்த வேலைக்கு ஒரு நாள் கத்தத்தான் செய்யும். கத்துவது எது என்பதுதான் கேள்வி.

காதை நம்பி இடத்தைச் சொல்லாதீர்கள். செசி முழுவதும் இரும்பு. இடது பின் ஷக்கிளில் பிறக்கிற சத்தம் அந்த இரும்பு வழியே ஓடி, சாரதி இருக்கைக்குப் பின்னால் வெளியே வரும். எங்கள் வண்டியில் நடந்தது அதுதான். கபினுக்கும் பெட்டிக்கும் நடுவில் இருந்து வருகிறது என்று எல்லாரும் சத்தியம் பண்ணினோம். கராச்சில் ஒருவர் பின்பக்கத்தை ஒரு தரம் அமத்திப் பார்த்துவிட்டு, "ஷொக்தான் அண்ணை, கண்ணை மூடிக்கொண்டு மாத்துங்கோ" என்றார். சத்தம் எங்கே கேட்கிறது என்பதை விட்டுவிட்டு, எப்போது வருகிறது, எப்போது வரவில்லை என்று பார்க்கத் தொடங்கிய பிறகுதான் வழி தெரிந்தது.

முதல் கேள்வி: சத்தம் வேகத்தோடு சேர்ந்து போகிறதா, மேடு பள்ளத்தோடு சேர்ந்து போகிறதா? சமமான தார் றோட்டில் இருபது கிலோமீற்றர் வேகத்தில் ஓட்டிக் கேளுங்கள். கெப் ரயரின் சுற்றளவு ஏறக்குறைய 2.3 மீற்றர். இருபதில் போகும்போது சில்லு ஒரு செக்கனுக்கு இரண்டரைத் தரம் அளவில் சுற்றும். கியர்பெட்டியிலிருந்து பின் அக்சிலுக்குப் போகிற புரொபெல்லர் ஷாப்ட் அதைப்போல் நாலு மடங்கு, அதாவது பத்துத் தரம் வரை சுற்றும். "கிறீச்... கிறீச்... கிறீச்" என்று வாயால் எண்ணக்கூடியதாக வந்தால் அது சில்லுப் பக்கம்: பிறேக், பெயரிங். எண்ண முடியாமல் "கிறிகிறிகிறி" என்று ஒட்டிக்கொண்டு வந்தால் ஷாப்டின் யூ ஜொயின்ட் (ஷாப்ட் மடங்கிச் சுற்ற விடுகிற மூட்டு). இந்த ஒரு கணக்கை வைத்தே பாதிச் சந்தேகங்களைத் தள்ளிவிடலாம். நியூட்ரலுக்குத் தள்ளி உருள விடும்போது எஞ்சின் இறங்கியதோடு சத்தமும் இறங்கினால் அது எஞ்சின் பக்கம், பெல்ட் என்று வையுங்கள். ஓடுகிற பெல்ட்டின் உள்பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பார்க்கலாம், விரலையும் சாரத்தையும் தள்ளி வைத்துக்கொண்டு. சத்தம் கூடினால் பெல்ட் தளர்வு. கொஞ்ச நேரம் அடங்கித் திரும்ப வந்தால் பெல்ட் ஓடுகிற கப்பி நேராக நிற்கவில்லை, அல்லது பெல்ட் தேய்ந்துவிட்டது. கிளச்சை மிதித்தால் வருகிற, அல்லது மிதித்தால் நிற்கிற சத்தம் கியர்பெட்டிப் பக்கத்துப் பெயரிங். அதை வீட்டில் வைத்துச் செய்ய முடியாது.

பிறேக்கைப் பிரிப்பதும் சுலபம். ஓட்டத்தில் பெடலை மெல்லத் தொட்டுப் பாருங்கள். சத்தம் மாறினால், நின்றால், பிறேக்தான். முன் பிறேக் பாட் தேய்ந்து ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்கு வந்ததும் டிஸ்க்கில் உரசிக் கத்துவதற்கென்றே சில பாட்களில் ஒரு தகட்டு நாக்கு இருக்கும். அதைப் பின்போட்டால் டிஸ்க் போகும். பின் ட்ரம்மில், பிறேக் ஷூ உட்கார்ந்து நகர்கிற மேடைகள் பின் தகட்டில் இருக்கும். அவை காய்ந்து போனாலும் கிறீச்சிடும். வயல் சேற்றுக்குள் இறங்குகிற வண்டிக்கு இது வழக்கம். ட்ரம்மைக் கழற்றித் தண்ணீரால் கழுவுங்கள். காற்றடித்து ஊதாதீர்கள், பழைய ஷூக்களின் தூளில் அஸ்பெஸ்ரஸ் இருக்கக்கூடும். கழுவி, மேடைகளில் மட்டும் சூடு தாங்கும் பிறேக் கிறீஸைப் பொட்டுப் பொட்டாகத் தடவினால் போதும். ஷூவின் முகத்தில் கிறீஸ் படக்கூடாது.

யூ ஜொயின்ட் விசயத்திலும் சாவகாசம் வேண்டாம். பிறேக், பெயரிங் தவிர்ந்த மற்றக் கிறீச்சுகளில் பலதோடும் கொஞ்ச நாள் ஓடலாம். இது காய்ந்து ஊசிப் பெயரிங் தூளானால் ஷாப்ட் கழன்று றோட்டில் விழும். வண்டி எடுக்கும்போதும் ரிவேர்ஸிலும் மெல்லிய கிறிச்சல், கியர் போடும்போது "டொக்" என்று ஒரு அடி: இவை இரண்டும் சேர்ந்தால் அன்றைக்கே பாருங்கள். முன் சில்லுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் விட்டு, ஷாப்டைக் கையால் முறுக்கினால் ஆட்டம் தெரியும். கிறீஸ் நிப்பிள் இருந்தால் என்.எல்.ஜி.ஐ 2 (கிறீஸின் தடிப்பு எண்) லித்தியம் கிறீஸை ஜொயின்டின் நாலு மூடியாலும் புதுக் கிறீஸ் எட்டிப்பார்க்கும்வரை அடியுங்கள். மூன்றால் வந்து ஒன்றால் வராவிட்டால் ஷாப்டைக் கால் சுற்று திருப்பி மறுபடி அடியுங்கள். அப்படியும் வராவிட்டால் அந்த ஜொயின்ட் போய்விட்டது என்று எடுத்துக்கொள்ளலாம்.

எங்கள் வண்டியின் சத்தம் இவை எதுவுமில்லை. சமதரையில் அமைதி, கிடங்கில் இறங்கி ஏறினால் கத்தல். ஆகவே தொங்கல் பக்கம்: பிளேட், ஷக்கிள், ஷொக் கண் (அதைப் பூட்டுகிற வளையம்), பெட்டியின் போல்ட். இங்கே இரண்டாவது கேள்வி வருகிறது: லோட் இருக்கும்போதா, இல்லாதபோதா? வெறும் வண்டியில் மட்டும் கத்தி, பத்து மூட்டை நெல் ஏற்றியதும் அடங்கினால் பெரும்பாலும் ஷக்கிள் புஷ், அல்லது பிளேட் நுனி. லோட் ஏற்றிய பிறகுதான் கத்துகிறது என்றால் அடியில் கிடக்கிற தடித்த உதவிப் பிளேட் மேலே உள்ளதோடு உரசுகிறது. மூன்றாவது கேள்வி மழை. மாரியில் நின்று கோடையில் வருகிற சத்தம் றப்பரும் பிளேட்டும். மழைக்குப் பிறகு, ஓடையோ வாய்க்காலோ கடந்த பிறகு தொடங்குகிற சத்தம் பிறேக், யூ ஜொயின்ட் பக்கம். வறண்ட சோளகக் காற்று அடிக்கத் தொடங்கிய மாதங்களில் எங்கள் வண்டி உச்சத்தில் கத்தியது. மாரி தொடங்கித் தை வரை வாயே திறக்கவில்லை. இதை அப்போதே கவனித்திருந்தால் ஷொக்கின் பக்கம் யாரும் போகவே தேவையில்லை.

ஷொக்கைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன், காசு கரைந்த இடம் அது. ஷொக் கிறீச்சிட்டால் பெரும்பாலும் கத்துவது அதன் கண்ணில் இருக்கிற றப்பர். அதன் விலை சில நூறு ரூபா. முழு ஷொக்கை மாற்றவேண்டியது ஒயில் கசிந்தால், அல்லது அமத்தி விட்ட வண்டி நிற்காமல் இரண்டு மூன்று தரம் ஆடினால். சந்தேகம் இருந்தால் இரண்டு பின் ஷொக்கினதும் கீழ் நட்டைக் கழற்றி, ஷொக்கை மேலே கம்பியால் கட்டிவிட்டு, வளவுக்குள்ளேயே வெறும் வண்டியை நடை வேகத்தில் ஒரு மேட்டில் ஏற்றி இறக்குங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஷொக் குற்றவாளி இல்லை. கால் மணித்தியால வேலை. இதைச் செய்து காட்டாமல் ஷொக் மாற்றச் சொல்கிற கராச்சில் "முதலில் கழற்றிவிட்டு ஓட்டிக் காட்டுங்கோ" என்று கேளுங்கள். கேட்பதில் ஒரு வெட்கமும் இல்லை.

இடத்தைப் பிடிக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெட்டியின் பின் ஓரத்தில் ஏறி நின்று முழங்காலை மடக்கி மடக்கி அமத்தவேண்டும். சில்லு தரையில் இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது, ஜக் தேவையில்லை. மற்றவர் பக்கவாட்டில் குந்தியிருந்து, ஷக்கிளின் மேல் பின் (அதை ஊடுருவுகிற இரும்பு ஆணி), கீழ் பின், பிளேட்டின் முன் கண் (முனை வளையம்), ஷொக்கின் மேல் கீழ் என்று ஒவ்வொன்றிலும் விரல் நுனியை வைத்துப் பார்க்கவேண்டும். கத்துகிற இடம் விரலுக்குள் கரகரவென்று தெரியும். காதுக்குக் கேட்பது ஊர் முழுக்க இருக்கும், விரலுக்குத் தெரிவது ஒரு இடத்தில்தான். பிளேட்டுகளுக்கு நடுவில் மட்டும் விரலை நுழைக்கவேண்டாம், நசுங்கும். பிறகு சவர்க்காரத் தண்ணீரை ஒரு தெளிப்பான் போத்தலில் எடுத்து, ஒரு நேரத்தில் ஒரு இடத்துக்கு மட்டும் அடித்து, மறுபடி அமத்துங்கள். அடங்குகிற இடம் அதுதான். எல்லா இடத்துக்கும் ஒரேயடியாக அடித்தால் சத்தம் நிற்கும், ஆனால் ஒன்றும் தெரியவராது. ஆள் கிடைக்காவிட்டால் போனை ஒரு பொலித்தீன் பைக்குள் போட்டு, செசியில் ஒரு பக்கம் கட்டி ஒலிப்பதிவில் விட்டு ஓட்டுங்கள். அதே றோட்டில் மற்றப் பக்கம் கட்டி இன்னொரு தரம். எது பலமாகப் பதிந்திருக்கிறதோ அந்தப் பக்கம். வட்டுவாகல் பாலம் போல மெல்லப் போகவேண்டிய, மேடு பள்ளமான இடம் இதற்கு நல்லது, காற்றுச் சத்தமும் எஞ்சின் சத்தமும் குறைவு.

உலோகத்தோடு உலோகம் உரசுகிற இடத்தில் கறள் தூள் கொட்டும். எந்த மெக்கானிக்கும் முதலில் தேடுவது அதைத்தான். வன்னியில் அது வேலை செய்யாது, மண்ணே அந்த நிறம். அடிப்பக்கம் முழுவதும் செம்மண் அப்பிக் கிடக்கும்போது கறள் எது, புழுதி எது என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே முதலில் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள். சேர்விஸ் ஸ்டேஷனில் கழுவினால் இரண்டு விசயத்தைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள்: யூ ஜொயின்ட் மூடிகளுக்கு நேரே பிரஷர் தண்ணீர் அடிக்கக்கூடாது, கழுவிய பிறகு அடிப்பக்கத்துக்கு ஒயிலோ டீசலோ தெளிக்கக்கூடாது. காய்ந்த பிறகு தார் றோட்டில் மட்டும் ஓட்டுங்கள், மாங்குளத்திலிருந்து கிளிநொச்சி வரை ஏ9 இல் போய் வந்தால் தாராளம். புழுதி ஏறாத அந்த அடிப்பக்கத்தில் ரோர்ச் அடித்துப் பார்த்தபோது, இடது ஷக்கிளின் மேல் பின்னைச் சுற்றி ஒரு கரும்பழுப்பு வளையம் இருந்தது. தொட்டால் குங்குமம் போல விரலில் ஒட்டியது. மண் என்றால் விரலில் நெருநெருக்கும், கறள் தூள் மாவாக இருக்கும். கண்ணுக்கு இரண்டு பாதியாக வருகிற புஷ்ஷில் உள்பக்கப் பாதி முழுவதும் தேய்ந்து, பின் ஆணி நேரே செசியின் கண்ணில் உரசிக்கொண்டிருந்தது. வெளிப்பக்கப் புஷ் புதிது போல் இருந்ததால் வெளியே நின்று பார்த்த ஒருவருக்கும் அது படவில்லை.

மாற்றுகிற வேலை பெரிதில்லை, ஆனால் முறை தப்பினால் ஆறு மாதத்தில் திரும்ப வரும். முதல் நாள் பின்னேரமே நட்டுகளைக் கம்பித் தூரிகையால் தேய்த்துக் கறள் இளக்கும் ஒயில் விட்டுவையுங்கள். றப்பரில் படாமல் விடவேண்டிய அவசியம் இல்லை, அது குப்பைக்குப் போகிற றப்பர். மறுநாள் உறுதியான சமதரையில் நிறுத்தி, முன் சில்லு இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள். கைப்பிறேக் பின் சில்லைத்தான் பிடிக்கும், பின்பக்கத்தைத் தூக்கியதும் அதால் பயனில்லை. வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளைக் கால் சுற்று இளக்குங்கள். பிறகு ஜக்கால் தூக்கி, பிளேட்டின் முன் கண்ணுக்குச் சற்று முன்னால் செசிக்குக் கீழே ஸ்ராண்ட் வையுங்கள். ஸ்ராண்ட் இல்லையென்றால் முதிரை, பாலைக் குற்றிகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்குங்கள். கல்லும் சீமெந்துக் கல்லும் வேண்டவே வேண்டாம், பாரத்தில் சொல்லாமல் வெடிக்கும். மண் தரையில் ஜக்குக்குக் கீழே தடித்த பலகை. ஜக்கை மட்டும் நம்பி ஒரு கையைக்கூட உள்ளே விடாதீர்கள்.

இனி அக்சிலுக்குக் கீழே இன்னொரு ஜக்கை வைத்து மெல்ல ஏற்றி இறக்குங்கள். பிளேட் மேலேயும் தள்ளாமல் கீழேயும் இழுக்காமல் நிற்கிற ஒரு உயரம் இருக்கிறது. அந்த உயரத்தில் ஷக்கிள் பின் கையால் அசையும். அதைக் கண்டுபிடிக்காமல் சுத்தியலால் அடித்தால் பின்னும் நசுங்கும், வெறியும் வரும். அடிக்கத்தான் வேண்டும் என்றால் நட்டைப் புரியின் நுனி மட்டத்துக்குத் திருகி விட்டுவிட்டு நட்டின்மேல் அடியுங்கள், புரி பழுதாகாது. ஒரு பக்கத்துக்கு மேலே இரண்டு அரைப் புஷ், கீழே இரண்டு, இரு பக்கமும் எட்டு. ஒரு பக்கம்தான் கத்தியது என்று அதை மட்டும் மாற்றாதீர்கள், மற்றப் பக்கமும் விரைவில் தொடங்கும். முன் கண்ணின் புஷ் வண்டிக்கு வண்டி மாறும், இரண்டு பாதியாகவும் வரும், இரும்பு உறையோடு ஒரே துண்டாகவும் வரும். பிந்தியது பிரஸ் இல்லாமல் இறங்காது, பிளேட்டைக் கழற்றிக் கொண்டுபோகவேண்டும். பின்னைத் துடைத்து நகத்தால் நெடுகத் தடவுங்கள். நகம் படியில் தட்டினால் பின்னும் மாற்றவேண்டும். புதுப் புஷ்ஷைப் பழைய பின்னில் பூட்டினால் அந்தப் படி றப்பரை அரைத்துவிடும். கண்ணின் உள்பக்கக் கறளை எமரித் தாளால் எடுத்துவிட்டு, புஷ்ஷுக்குச் சிலிக்கன் கிறீஸ் தடவிப் பூட்டுங்கள். அது கிடைக்காவிட்டால் பிறேக் வேலைக்கு விற்கிற சிவப்பு றப்பர் கிறீஸ், அது ஆமணக்கெண்ணெயில் செய்வது, றப்பருக்குப் பகையில்லை. சாதாரணக் கிறீஸ், ஒயில், டீசல் எல்லாம் றப்பரை ஊதவைத்துப் பசையாக்கும்.

கராச்சுகளில் அவசரத்தில் விடுகிற பிழை இந்த இடத்தில்தான்: வண்டி தொங்கிக்கொண்டிருக்கும்போதே நட்டுகளை முற்றாக இறுக்கிவிடுவார்கள். தொங்கும்போது ஷக்கிள் நிற்கிற கோணம் வேறு, தரையில் நிற்கிற கோணம் வேறு. தொங்கலில் இறுக்கினால், இறக்கிய நிமிடத்திலிருந்தே றப்பர் முறுகிய நிலையில் கிடக்கும், ஒவ்வொரு கிடங்கிலும் இன்னும் முறுகிக் கிழியும். ஆகவே கையால் இறுகுமட்டும் பூட்டி, சில்லைத் தரையில் இறக்கி, பெட்டியில் ஏறி நாலைந்து தரம் அமத்திவிட்டு, அதன் பிறகே கடைசி இறுக்கு. அக்சிலைப் பிளேட்டோடு கட்டுகிற யூ போல்ட் நட்டுகளையும் அப்போதே பாருங்கள். அவை தளர்ந்தால் நடு போல்ட்டில் பாரம் விழுந்து அது முறியும், அக்சில் இடம் மாறும்.

இவ்வளவும் செய்து ஓட்டியபோது திரும்பவும் ஒரு கிறீச். நெஞ்சு விட்டுப்போனது என்றே சொல்லவேண்டும். ஆனால் கவனித்துக் கேட்டால் அது பழைய சத்தம் இல்லை, மெலிந்தது, லோட் ஏற்றினால் மட்டும் வந்தது. பழைய வண்டியில் இரண்டு மூன்று சத்தங்கள் சேர்ந்தே இருக்கும். பெரியது நின்ற பிறகுதான் சின்னது காதில் விழும். செய்த வேலை வீண் என்று நினைத்து அடுத்த பார்ட்ஸை வாங்கிவிடாமல், முதலில் கேட்ட அதே மூன்று கேள்விகளையும் மறுபடி கேளுங்கள். எங்களுக்கு அது உதவிப் பிளேட் மேலே உள்ளதோடு உரசுகிற நுனி. பிளேட்டுகளின் நுனியில் இருக்கவேண்டிய பிளாஸ்ரிக் தட்டுகள் தேய்ந்து இரும்பில் இரும்பு உரசியது. பிளேட்டின் பாரத்தை எடுத்து, நுனிகளைத் தட்டையான நெம்புகோலால் கொஞ்சம் விரித்து, கறளைச் சுரண்டி, உலர் கிராபைட் தெளித்து, தட்டுகளை மாற்றினோம். பிளேட்டுக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறவர்கள் ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள். பூசினால் சில நாளைக்கு அமைதி உண்மைதான். பிறகு புழுதி அதில் ஒட்டி அரைக்கிற பசையாகும், வழிந்தது புஷ்ஷையும் தின்னும், ட்ரம்முக்குள் போனால் பிறேக்கும் போகும்.

பார்ட்ஸ் வாங்கப் போகும்போது பழைய புஷ்ஷையும் பின்னையும் கையோடு கொண்டுபோங்கள். ஒரே ஹைலக்ஸ் பெயரில் வருடத்துக்கு வருடம் பின்னின் தடிப்பு மாறும், செசி இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போவது நல்லது. கிளிநொச்சியில் இல்லாதது பெரும்பாலும் வவுனியாவில் கிடைக்கும். புதுப் புஷ்ஷை விரலால் நசித்துப் பாருங்கள், கல்லாக இருந்தால் அது மறுசுழற்சி றப்பராக இருக்கக்கூடும். பொலியூரித்தேன் புஷ் நீடிக்கும் என்று விற்பார்கள், நீடிக்கும்தான், ஆனால் அதற்குரிய கிறீஸ் காய்ந்ததும் றப்பரைவிடப் பலமாகக் கத்தும். புழுதியில் ஓடுகிற வண்டிக்கு நல்ல றப்பரே போதும். பூட்டி ஐந்நூறு கிலோமீற்றர் ஓடியதும், வண்டி தரையில் நிற்க, ஷக்கிள் நட்டையும் யூ போல்ட்டையும் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள். எங்களுடையதில் யூ போல்ட் நாலிலும் அரைச் சுற்று ஏறியது.